ஓடைக்கரைச் சிரிங்கா மரம்: வெட்டுவதா, விடுவதா?

ஓடைக்கரை | சாட்ஸ்வர்த் | ஞாயிறு, இரவு 8.10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. உம்லதுசானா ஆற்றில் விழுந்து, கால்வாய் வழியே டர்பன் துறைமுகத்துக்குப் போகிற தண்ணீர். ஆறு வருடமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே கூடுகிறோம். வெயில் நாளில் பதினாலு பேர் வருவார்கள். தூறல் போட்டால் நாலு பேர், அதிலும் இரண்டு பேர் என் வீட்டு ஆட்கள். குப்பை பொறுக்குவோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து பாலம்வரை போகும் நடைபாதையை அடைத்துக்கொள்ளும் உண்ணிச்செடியைப் பிடுங்குவோம். மழையில் கரைந்த படிகளுக்குக் கட்டை வைப்போம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாதையில் பாதி ஓடையோடு போய்விட்டது. அதைத் திரும்பப் போட ஒன்றரை வருடம் ஆனது.

போன சனிக்கிழமை ஒரு தப்பு நடந்துவிட்டது. பாலத்துக்குக் கொஞ்சம் மேலே கோயிலின் பின்கதவு. அதை ஒட்டி, கரையிலேயே, பெரிய சிரிங்கா மரம் ஒன்று நிற்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவும் மரம். இரண்டு பேர் சேர்ந்து அணைத்தால்தான் கை எட்டும். அதன் கீழே கன்றுகள் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். "தாய் மரத்தை விட்டுவிட்டு இதைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது" என்று நாங்கள் எல்லோருமே ஒரு தடவையாவது முனகியிருக்கிறோம். அதைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரு பையன், புதிதாக வந்தவன், நல்ல பிள்ளைதான், யாரிடமும் கேட்காமல் கரும்புக் கத்தியை எடுத்துப் பட்டையைச் சுற்றி உரிக்க ஆரம்பித்துவிட்டான். நான் பாலத்தடியில் டயர் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் பின்கதவில் ஒரு ஆயா. எண்பது வயதிருக்கும். திட்டவில்லை. மெல்ல இறங்கி வந்து, உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். "அம்மன் இலைடா இது" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. பையன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான்.

பாதிச் சுற்று உரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கோயில் கமிட்டி எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்பது சரி, கேட்கத்தான் போகிறோம். அதற்கப்புறம் என்ன பேசுவது? உங்கள் பக்கம் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

மஞ்சள்துணி | ஃபீனிக்ஸ் | ஞாயிறு, இரவு 8.31

மரத்தைத் தொடாதீர்கள். பேச ஒன்றுமில்லை.

விதைப்பெட்டி | வெஸ்ட்வில் | ஞாயிறு, இரவு 9.47

ஓடைக்கரை அண்ணா, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கமிட்டியில் யாராவது கேட்பார்கள்.

அந்நியத் தாவரங்களுக்கான தென்னாப்பிரிக்க விதிகள் 2014இல் வந்தன. தாவரங்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். சிரிங்கா பொதுவாக 1பி: இருந்தால் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். நகரத்துக்குள் மட்டும் அதற்கு ஒரு சலுகை, வகை 3. அதாவது ஏற்கெனவே நிற்கிற மரம் நிற்கலாம். புதிதாக நடக்கூடாது, விற்கக்கூடாது, கன்று கொடுக்கக்கூடாது. இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வகை 3இல் உள்ள எந்தச் செடியும் ஆறு, ஓடைக் கரையில் நின்றால் அது 1பி என்றே கொள்ளவேண்டும். அதே மரம் கோயில் முற்றத்தில் பத்தடி தள்ளி நின்றிருந்தால் கதை வேறு. கரையில் நிற்பதால் சட்டப்படி அதற்குச் சலுகை இல்லை.

ஆனால் அந்தக் கடமை நிலத்துக்குச் சொந்தக்காரருடையது. கரை கோயில் நிலமா, மாநகராட்சி நிலமா? எதுவாக இருந்தாலும் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தன்னார்வலர் யாரும் மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. பையன் பக்கம் சட்டம் இருப்பதுபோல் தோன்றினாலும் இல்லை.

காவேரி_பேத்தி | டோங்காட் | திங்கள், காலை 6.20

சட்டம் சரி தம்பி. அந்த ஆயா ஏன் உள்ளங்கையை வைத்தார்கள் என்பதையும் யாராவது சொல்லவேண்டும், நான் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, மதராஸிலிருந்து டர்பனில் வந்து நின்றது. அதற்கப்புறம் ஐம்பது வருடம் கப்பல்கள் வந்தன. வந்தவர்கள் சாமியைக் கொண்டுவந்தார்கள். வேப்ப மரத்தை எப்படிக் கொண்டுவருவது? கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் என்ன சொருகுவது? சுற்றிப் பார்த்தார்கள். சிரிங்கா நின்றது. இலையைக் கசக்கினால் கசப்பு, பல்பல்லாக வெட்டிய ஓரம், பார்த்தால் வேம்பின் சாயல். போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பாட்டி அதை வேப்பிலை என்றுதான் சொல்வார். சிரிங்கா என்ற பேரை நான் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன். எனக்கு அம்மை போட்டபோது மஞ்சள் தண்ணீரில் தோய்த்து என் முதுகில் தடவியது அந்த இலைதான். அரிப்பு நின்றதா என்று கேட்காதீர்கள், நினைவில்லை. பாட்டியின் கை மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் கரகத்துக்கும் அதுதான், கூழ் ஊற்றும்போது பானைக் கழுத்தில் கட்டவும் அதுதான். உங்களுக்குக் களை, எங்களுக்கு நாலு தலைமுறை. வெள்ளிக்கிழமை போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

புதுவரவு | உம்லாங்கா | திங்கள், காலை 7.55

நான் தஞ்சாவூர்க்காரன், வேலைக்காக வந்து மூன்று வருடம். வந்த புதிதில் இங்கே ஒரு வீட்டு விசேஷத்தில் வேப்பிலை என்று இதைக் கையில் கொடுத்தார்கள். நான் விழித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மலைவேம்பு என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம், பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னோர் கண்ணால் பார்த்தே சரியான சொந்தக்காரனைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். சிரிங்கா குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரமாயிற்றே? என் குடியிருப்பின் வாசலில் ஒன்று நிற்கிறது, ஜூலையில் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகக் காய்க்கொத்து மட்டும் தொங்கும், மொட்டை மரம். ஆடிக் கூழுக்கு இலைக்கு என்ன செய்கிறீர்கள்?

காவேரி_பேத்தி | டோங்காட் | திங்கள், காலை 8.40

பிடித்துவிட்டீர்கள்! பங்குனி, சித்திரையில், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதுமே, அப்போது மரம் நிறைய இலை இருக்கும். ஆடியில்தான் பாடு. எந்த வீட்டுச் சந்தில் காற்றுப்படாமல் ஒரு கிளை பச்சையாக இருக்கிறது என்று அம்மா ஜூன் மாதமே பார்த்து வைப்பார். இப்போது எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் நிஜ வேம்பே நிற்கிறது. ஆடி வெள்ளி காலையில் அவர் கேட்டில் வரிசை நிற்கும். அவருக்குத் தினமும் ஒரு தட்டு வடையாவது போய்விடும்.

மஞ்சள்துணி | ஃபீனிக்ஸ் | திங்கள், காலை 9.02

வரிசையில் நானும் நின்றிருக்கிறேன் அக்கா. இருந்தாலும் கோயில் மரம் கோயில் மரம்தான்.

கரிமூட்டை | லெனேசியா | திங்கள், பகல் 12.15

மரம் கிடக்கட்டும். எனக்கு வேறொரு கேள்வி. ஆறு வருடமாக இந்த வேலையை இலவசமாகச் செய்கிறீர்களே, அது சரியா? வரி கட்டுகிறோம். 1995இலிருந்து அரசாங்கமே 'தண்ணீருக்கான உழைப்பு' என்று ஒரு திட்டம் நடத்துகிறது, வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து இதே அந்நிய மரங்களை வெட்டச்சொல்லி. சனிக்கிழமைதோறும் பக்கி வண்டியில் வந்து இறங்கி நீங்கள் சும்மா செய்து கொடுத்தால், அந்தக் கூலி யாருக்குப் போகவேண்டுமோ அவர் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று சொல்வேன். செய்யவேண்டியவன் செய்யாமலே தப்பித்துக்கொள்வான்.

ஓடைக்கரை | சாட்ஸ்வர்த் | திங்கள், இரவு 7.30

கரிமூட்டை அண்ணா, இந்தக் கேள்வியை என் மனைவி உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள், அதுவும் ஒவ்வொரு முதல் வெள்ளிக்கிழமை இரவும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும்தான், எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பக்கி, அதுவும் ரிவர்ஸ் விழாது.

பதில் இதுதான். ஒரு குழு கூலிக்கு வந்து எங்கள் ஓடையில் வேலை செய்தது, நான்கு வருடத்துக்கு முன்னால். நன்றாகவே செய்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பக்கக் கரையும் சுத்தம். ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார்கள். அடுத்த கோடையில் வந்து பார்த்தால், வெயில் படாமல் தூங்கிக்கொண்டிருந்த விதையெல்லாம் எழுந்து, இடுப்பளவுக்கு டிரிஃபிட் களை. முன்பைவிட மோசம். அந்தச் செடியை உங்களுக்குத் தெரியுமோ இல்லையோ, 1940களில் டர்பன் பக்கம் தொற்றிக்கொண்டது, பச்சையாக இருக்கும்போதே பற்றி எரியும், அதனால் பாரஃபின் களை என்றும் சொல்வார்கள். எங்களோடு வரும் ஜூலு அக்கா ஒருவர் அதை உசாந்தனெஸ்வே என்பார், நாடெங்கும் பரவியது என்று அர்த்தமாம். ஒரு தடவை வெட்டினால் அது நமக்கு நன்றி சொல்லும். திரும்பத் திரும்ப வரவேண்டும், அதுவும் விதை கட்டுவதற்கு முன்னால். அந்தத் திரும்ப வருவதற்கு யாரும் கூலி ஒதுக்குவதில்லை. ஒதுக்கினால் சொல்லுங்கள், எங்கள் தெருவிலேயே ஆறு பையன்கள் இருக்கிறார்கள், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கரிமூட்டை | லெனேசியா | திங்கள், இரவு 8.05

அது நியாயம். ஆனால் ஒதுக்கச்சொல்லிக் கேட்பதையும் உங்கள் சனிக்கிழமை வேலையில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். குப்பைப்பை எத்தனை என்று எண்ணுகிறீர்கள், கடிதம் எத்தனை எழுதினீர்கள்?

ஓடைக்கரை | சாட்ஸ்வர்த் | திங்கள், இரவு 8.09

இரண்டு.

கரிமூட்டை | லெனேசியா | திங்கள், இரவு 8.11

ஆறு வருடத்தில்!

டூசிக்கரை | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | செவ்வாய், காலை 10.30

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாவிக் பக்கம் ம்போஃபொமெனியில் 'என்விரோ சாம்ப்ஸ்' என்று உள்ளூர் ஆட்களே ஒரு வேலை செய்கிறார்கள். மேன்ஹோல் பொங்கினால் உடனே படம் எடுத்து, இடம் குறித்து, திரும்பத் திரும்பப் புகார் கொடுப்பார்கள். அந்தச் சாக்கடை நேராக மிட்மார் அணைக்குப் போகிறது, நாம் குடிக்கிற தண்ணீர். சும்மா "ஆறு நாறுகிறது" என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "இந்த மேன்ஹோல், இத்தனையாவது முறை" என்று எழுதினால் பதில் வரும். எப்போதும் வராது, வரும்.

நாங்கள் டூசி ஆற்றில் இன்னொன்றும் செய்கிறோம், மினிசாஸ். தண்ணீர் சுத்தமா என்று பார்க்க இந்த மாகாணத்திலேயே உருவான முறை, பிள்ளைகளுக்கும் செய்ய வரும். முழங்கால் தண்ணீரில் நின்று, கல்லைக் காலால் கிளறி, கீழே வலையைப் பிடிக்கவேண்டும். வலையில் விழுந்ததை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிப் பார்க்கவேண்டும். பதின்மூன்று வகைப் பூச்சி, புழு, நத்தை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கல்லீ என்று ஒரு பூச்சி, வால் இரண்டாக இருக்கும், சுத்தத் தண்ணீரில் மட்டும் வாழும், அதற்கு 17. அட்டைக்கு 2. கூட்டிச் சராசரி எடுத்தால் ஆற்றின் உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும். நாங்கள் நகரத்துக்குக் கீழே எடுத்தால் பெரும்பாலும் புழுவும் அட்டையும்தான். கேனோ ஓட்டப்பந்தயத்துக்கு வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதற்கு 'டூசி கட்ஸ்' என்று ஒரு பேரே இருக்கிறதே, காரணம் அங்கேதான்.

உங்கள் ஓடையில் செய்து பாருங்கள். கையில் ஒரு எண் இருந்தால் கடிதம் கனக்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம்: மரம் வெட்டினால் கட்டையை பிராய்க்கு, கறி சுடும் அடுப்புக்கு, என்று வண்டியில் ஏற்றாதீர்கள். மரத்தைத் துளைக்கும் ஒரு சின்ன வண்டு, எள்ளைவிடப் பெரிதில்லை, 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் தோட்டத்தில்தான் இந்த நாட்டில் முதலில் அடையாளம் கண்டார்கள். விறகோடு ஊர் ஊராகப் போகிறது.

தனிநடை | சாட்ஸ்வர்த் | செவ்வாய், மாலை 5.45

நான் அந்தப் பாதையில் நடக்கிறவள். ஓடைக்கரை அண்ணாவுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியும், கருப்பு கம்பூட்ஸ், சிவப்புத் தொப்பி.

ஒரு விஷயம் சொல்ல வந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வழியில் தனியாகப் போகமாட்டேன். உண்ணிச்செடி இரண்டு பக்கமும் தலைக்கு மேலே, வளைவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. என் கைபேசி போனது அங்கேதான். இப்போது வளைவில் நின்றால் பாலம் தெரிகிறது. அதற்காகவே நன்றி. ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடாதீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் உம்டோனி மரங்கள் இருக்கின்றன, நம் நாவல் மரத்தின் சொந்தம், பழம் தின்றால் வாய் துவர்க்கும். அதில் குரங்குக் கூட்டம் வரும். பார்த்துக்கொண்டே நின்றால் பத்து நிமிடம் போய்விடும்.

மரத்தைப் பற்றி: கோயில் பின்கதவு எப்போதும் திறந்திருப்பதால்தான் அந்த வளைவு பயமில்லாமல் இருக்கிறது. யாராவது ஒரு ஆயா இலை பறிக்க வந்து நிற்பார். கோயிலோடு பகைத்துக்கொண்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். யோசியுங்கள்.

மஞ்சள்துணி | ஃபீனிக்ஸ் | செவ்வாய், மாலை 6.10

நல்லா சொன்னீங்க அக்கா.

கேப்_தம்பி | கேப் டவுன், ரைலண்ட்ஸ் | செவ்வாய், இரவு 9.20

இங்கே நிலைமை தலைகீழ். எங்கள் பக்கம் மரமே நடாதீர்கள் என்பதுதான் முதல் பாடம். ஃபின்போஸ் என்பது குட்டைப் புதர்க்காடு, அதில் மரம் வைத்தால் அதுவே கெடுதல். பிரின்சஸ் வ்லேய் ஏரியோரம் ஒரு வணிக வளாகம் வருவதாக இருந்தது. பக்கத்து ஜனங்கள் எதிர்த்தார்கள், பள்ளிப்பிள்ளைகள் வந்து ஃபின்போஸ் நட்டார்கள், வளாகம் வரவில்லை. நான் ஒரு நாள் போய் நட்டேன். கையளவுச் செடி. "இது எப்போது பெரிதாகும்" என்று கேட்டேன். "இவ்வளவுதான் பெரிதாகும்" என்றார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலையில் மண்டேலா நாளன்று எங்கள் அலுவலகத்திலிருந்து அறுபது பேர் வந்து, அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 வருடத்துக்காக 67 நிமிடம் வேலை பார்ப்போம், படம் எடுப்போம், சம்பூசா தின்போம். அடுத்த மாதம் அதே இடத்துக்கு நான் மட்டும் போனேன். நட்டதில் பாதி செத்துக் கிடந்தது, யாரும் தண்ணீர் விடவில்லை. ஜூலையில் கேப்பில் மழை, பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். ஆனால் வேரை அழுத்தி மூடாமல் விட்டால் மழை என்ன செய்யும்?

விதைப்பெட்டி | வெஸ்ட்வில் | புதன், காலை 7.15

ஓடைக்கரை அண்ணா, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கமிட்டி என்ன முடிவெடுத்தாலும் மரத்தின் நிலைமை தெரியவேண்டும்.

பாதிச் சுற்று உரித்தால் சிரிங்கா சாகாது. முழுச் சுற்றும், ஒரு முழம் அகலத்துக்கு, உள்பட்டை துளிகூட மிச்சமில்லாமல் உரித்தால்தான் மேலேயிருந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும் அதன் வழியே பிழைத்துக்கொள்ளும். அடியோடு வெட்டிவிட்டு அப்படியே விட்டால் இன்னும் மோசம், அடிக்கட்டையைச் சுற்றி இருபது துளிர் வரும், ஒரு மரம் புதராகிவிடும். வெட்டினால் வெட்டின சூட்டோடு, சில நிமிடத்துக்குள், அடிக்கட்டையில் களைக்கொல்லி பூசவேண்டும். அது பயிற்சி பெற்றவர் வேலை. லேபிளில் சொல்லாத விதத்தில் பயன்படுத்துவது 1947ஆம் வருடத்து 36ஆம் சட்டப்படி குற்றம், அதுவும் ஓடைத் தண்ணீர் பக்கத்தில். உங்கள் குழு அதில் இறங்கவேண்டாம்.

காய் விஷம், நாயும் பிள்ளைகளும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறவைகளும் வௌவாலும் தின்று கொண்டுபோய்ப் போடும், அதனால் கன்று உங்கள் ஓடையில் மட்டும் இல்லை, கீழே இரண்டு கிலோமீட்டருக்கு இருக்கும். மரத்தை உடனே எடுக்கமுடியாவிட்டாலும் கன்றுகளைப் பிடுங்குவதை நிறுத்தாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஒரு சாண் உயரத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். இடுப்பளவு வந்துவிட்டால் உங்கள் இடுப்புதான் போகும்.

இன்னொன்று சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக இருக்கிறது. புதுவரவு பங்காளி முறை என்றார். அந்தக் குடும்பத்தில் இந்த மண்ணிலேயே பிறந்த பங்காளி ஒருவர் இருக்கிறார். நேட்டால் மஹோகனி, ஜூலுவில் உம்குஹ்லு. வேம்பு, சிரிங்கா, இது மூன்றும் ஒரே குடும்பம். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. கரையில் அடர்ந்த நிழல் கொடுக்கும், சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. சிரிங்கா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இதை இப்போதே நட்டு வைத்தால், என்றைக்கு அது போகிறதோ அன்றைக்கு இடம் வெறிச்சோடாது.

காவேரி_பேத்தி | டோங்காட் | புதன், காலை 7.50

தம்பி, அந்த மரம் எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கிறது. இலை தடித்து, கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கும், பல் கிடையாது. அதைக் கரகத்தில் சொருகினால் அம்மன் யாரென்று கேட்பாள். நிழலுக்கு வையுங்கள், நல்ல மரம். இலைக்கு வேம்புதான் வேண்டும்.

புதுவரவு | உம்லாங்கா | புதன், காலை 8.30

அப்படியானால் வேம்பையே வையுங்களேன், கோயில் முற்றத்துக்குள், கரையிலிருந்து தள்ளி. காவேரி அக்கா தெருவில் மரம் இருக்கிறதே, அடியில் கொட்டை விழாதா? வேப்பங்கொட்டை பழுத்து விழுந்த சூட்டோடு போடவேண்டும், ஒரு மாதம் காய்ந்துவிட்டால் முளைக்காது. ஊரில் பாட்டி சொல்வார்.

விதைப்பெட்டி | வெஸ்ட்வில் | புதன், காலை 8.44

முற்றத்தில் என்றால் எனக்குச் சரி. அதுவும் வெளியூர் மரம்தான், அதனால் கரைக்கு வேண்டாம். கன்று வந்தால் பெருக்கித் தள்ள கோயிலில் ஆள் இருக்கிறது.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9.00

லெனேசியாவிலிருந்து வந்த நகரசபைத் தேர்தல் பதிவுகள் ஐந்தை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மரம், ஓடை, பாதை மட்டும்.

ஓடைக்கரை | சாட்ஸ்வர்த் | சனி, காலை 9.40

நேற்று போய்வந்தோம். ஐந்து பேர், அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு.

நான் பேப்பரில் எழுதிக்கொண்டு போனதில் முக்கால்வாசி பேச வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் பையன் நேராக ஆயா முன்னால் போய் விழுந்தான். அவர்கள் "எழுந்திரு, முட்டி அழுக்காகிறது" என்றார்கள். கமிட்டித் தலைவர் கொஞ்சம் சூடாகத்தான் ஆரம்பித்தார். கோயிலைக் கேட்காமல் எப்படிக் கை வைக்கலாம், நாளைக்குக் கோபுரத்தையும் அந்நியம் என்பீர்களா என்று. வாங்கிக்கொண்டோம். அவர் கேட்டதில் தப்பில்லை.

சட்டத்தை நான் சொன்னதும் கொஞ்சம் அமைதி. கரை தங்கள் நிலத்தில் இல்லை என்று அவர்களே சொன்னார்கள், வேலி கோட்டுக்கு வெளியே. அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. கற்பூரப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும் ஓடையில் வந்து சிக்குவதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆயாதான் முந்திக்கொண்டார்கள்: "வாழை இலையும் பூவும் போடலாம், பிளாஸ்டிக் போடச்சொல்லி எந்த அம்மன் சொன்னாள்?" காவடி சமயத்தில் பின்கதவில் இரண்டு பீப்பாய் வைக்க ஒத்துக்கொண்டார்கள். அதை நாங்கள் காலி செய்யவேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன், இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை.

மரம்: இப்போதைக்கு நிற்கும். முற்றத்தில் இரண்டு வேப்பங்கன்று வைக்கிறோம். காவேரி அக்கா, கன்று உங்கள் பொறுப்பு, ஆயாவிடம் உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன். கரையில் உம்குஹ்லு மூன்று. கன்றுக்கு சில்வர்க்ளென் காப்பகத்து நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கப்போகிறேன். அங்கே வளர்ப்பது பெரும்பாலும் மருந்துச் செடிகள். முத்தி என்னும் நாட்டு மருந்து விற்கிறவர்கள் காட்டு மரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் இருக்க அவர்களுக்கே வளர்த்துக் கொடுக்க ஆரம்பித்த இடம். பட்டை உரித்த கதை சொல்லிக் கன்று கேட்கப்போகிறேன், என்ன சொல்வார்களோ.

வேம்பு பறிக்கிற அளவுக்கு வளர எத்தனை வருடமாகும் என்று தலைவர் கேட்டார். ஐந்தாறு என்றேன். ஆயா விரல் விட்டு எண்ணினார்கள், சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

சிரிங்காவை எடுப்பதா என்பதை அப்போது பேசிக்கொள்வோம் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். மாநகராட்சிக்கும் ஒரு கடிதம் போகிறது. கரிமூட்டை அண்ணா, இது மூன்றாவது.

கரிமூட்டை | லெனேசியா | சனி, காலை 10.02

நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.

விதைப்பெட்டி | வெஸ்ட்வில் | சனி, காலை 10.30

எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஐந்து வருடத்துக்கு அந்த மரம் காய் போடும், வௌவால் எடுத்துப்போகும். எழுதி வைக்கிறேன், கோபமில்லை. கன்று பிடுங்குகிற சனிக்கிழமைகளில் நானும் வருகிறேன். வெஸ்ட்வில்லில் பால்மீட் காப்பகத்தில் எங்களிடம் நெம்புகோல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது, கன்றின் அடியைக் கவ்விக் காலால் அழுத்தினால் வேரோடு வந்துவிடும். கொண்டுவருகிறேன்.

தனிநடை | சாட்ஸ்வர்த் | சனி, பகல் 1.15

காலையில் அந்தப் பக்கம் நடந்தேன். உரிந்த இடத்தில் யாரோ மஞ்சள் குழைத்துப் பூசி, வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறார்கள்.

மஞ்சள்துணி | ஃபீனிக்ஸ் | சனி, பகல் 1.20

படம் போடுங்கள் அக்கா.

தனிநடை | சாட்ஸ்வர்த் | சனி, பகல் 1.32

கைபேசியை எடுத்துக்கொண்டு நடப்பதில்லை. அண்ணா, அடுத்த மாதம் நானும் வரலாமா? கையுறை நானே கொண்டுவரவேண்டுமா?

ஓடைக்கரை | சாட்ஸ்வர்த் | சனி, பகல் 1.40

வாருங்கள் அம்மா. கையுறை இருக்கிறது, எல்லாம் இடது கைக்கு. வலது கைக்கு ஒன்று கொண்டுவந்தால் நல்லது. முழுக்கை சட்டை போடுங்கள், உண்ணிச்செடி கீறும். பச்சை மாம்பா ஒன்று உம்டோனியில் இருக்கிறது, அதன் பாட்டுக்கு இருக்கும், மேலே பார்த்து நடந்தால் போதும். ஏழு மணி, பாலத்தடி.